40 ஆண்டு கழித்து பேட்ச் ஒன்றுகூடல்: எங்கே தொடங்குவது, எது சொதப்பும்?

#1 கடைசிபெஞ்ச்

பட்டம் வாங்கி 40 ஆண்டு நிறைகிறது. வகுப்பில் 64 பேர். வாட்ஸ்அப் குழுவில் 41 பேர் இருக்கிறார்கள், வாய் திறப்பவர்கள் பத்துப் பேர்தான். எல்லோரும் அறுபதைத் தாண்டியாயிற்று. அடுத்த ஆண்டு ஒருநாள் முழுக்கக் கூடலாம் என்று பேச்சு. முதல் வேலையாக மண்டபம் பிடித்துவிட வேண்டும் என்று இரண்டு பேர் துடிக்கிறார்கள். இதைச் செய்து பழகியவர்கள் எதற்குப் பின் எது என்று வரிசை சொல்லுங்கள். எது எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

#2 வருகைப்பதிவு

மண்டபம் பிறகு. முதலில் பட்டியல். ஒன்றுகூடல் ஒரே நாளில் முடிந்துவிடும், அந்தப் பட்டியல்தான் அடுத்த இருபது ஆண்டுக்கு உங்களைச் சேர்த்து வைக்கப் போகிறது.

ஒரு விரிதாள் போதும். படித்த காலத்துப் பெயர், இப்போதைய பெயர், கைபேசி, மின்னஞ்சல், வசிக்கும் நாடு, வீட்டில் இன்னொருவருடைய எண். இவற்றோடு எல்லோரும் விட்டுவிடும் இரண்டு கட்டங்கள் உண்டு: கடைசியாகப் பேசி உறுதி செய்த தேதி, பேசியவர் யார். இவை இல்லாத பட்டியல் இரண்டே ஆண்டில் செத்துப்போகும். பயன்படுத்தாமல் விட்ட எண்ணை நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். எந்த எண் பழையது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்.

நிலை என்று ஒரு கட்டம் வையுங்கள். தொடர்பில், தேடுகிறோம், விருப்பமில்லை, மறைந்தார் என்று நான்கே சொல். 'விருப்பமில்லை' என்றவரை மறுபடி மறுபடி ஆள் மாற்றிக் கூப்பிடாமல் இருப்பதற்காகவே அந்தச் சொல் வேண்டும்.

மீதி 23 பேரைத் தேடுவதைக் குழுவில் பொதுவாகக் கேட்டால் நடக்காது. 'யாருக்காவது தெரியுமா' என்ற கேள்வி யாருக்கும் உரியதல்ல. வருகைப்பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் அன்று பக்கத்தில் இருந்தவர் யார் என்று பாருங்கள். ஆய்வகத்தில் ஒரே மேசை, விடுதியில் ஒரே அறை, புராஜெக்டில் ஒரே குழு. அந்த ஆளைத் தனியாக அழைத்து 'அவர் எங்கே வேலைக்குச் சேர்ந்தார்' என்று கேட்டால் ஏதாவது ஒரு நூல் கிடைக்கும். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களை இணையத் தேடலில் பிடிப்பது அபூர்வம். அவர்களுடைய பழைய தோழிகள் வழியாகத்தான் போக வேண்டும்.

#3 நாள்காட்டி

வருகைப்பதிவு சொன்னதோடு தேதி விஷயம்.

'எப்போ வசதி?' என்று கேட்கவே கூடாது. 41 பேருக்கு 41 வசதி. இரண்டு தேதி, மிஞ்சினால் மூன்று. வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் போட்டு, முடியும் நாளையும் சொல்லிவிடுங்கள். வாக்களிக்காதவர்களை விருப்பமில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பாதிப் பேர் அந்தச் செய்தியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஏற்பாட்டாளர் ஒருவருக்கு எட்டுப் பேர் என்று பிரித்துக்கொண்டு நேரில் பேசுங்கள். 64 பேருக்கு எட்டு ஏற்பாட்டாளர் சரியாக இருக்கும்.

12 மாதம் முன்பு பட்டியல். 9 மாதம் முன்பு தேதி. 6 மாதம் முன்பு இடம். 3 மாதம் முன்பு பணம். 3 வாரம் முன்பு தலைக்கணக்கு. 3 நாள் முன்பு எல்லோருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு. கடைசி அழைப்பை விட்டால் சாப்பாடு மிஞ்சும், மனத்தாங்கலும் மிஞ்சும்.

#4 மைக்டெஸ்டிங்

இடம் பார்க்கப் போகிறவர்களுக்கு. அழகை அப்புறம் பாருங்கள், முதலில் கைதட்டிப் பாருங்கள். தட்டியபின் ஒலி இழுத்துக்கொண்டே போனால் அந்தக் கூடம் வேண்டாம். வயது கூடும்போது முதலில் குறைவது உயர் அதிர்வெண் கேட்கும் திறன். ச, ஃப, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் 'பேசுவது கேட்கிறது, என்னவென்று புரியவில்லை' என்பார்கள். வழவழப்பான தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை மூன்றும் சேர்ந்த இடத்தில் காதுக் கருவி போட்டவர்கள் அரை மணி நேரத்தில் களைத்து வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்கள். திரைச்சீலையும் விரிப்பும் உள்ள அறை எவ்வளவோ மேல்.

பின்னணி இசை கூடவே கூடாது. பழைய பாட்டு ஆசை இருந்தால் அதற்கென்று தனியாக அரை மணி ஒதுக்குங்கள், பேசும்போது ஓடவிடாதீர்கள்.

மேசை வட்டமாக, ஆறு பேருக்கு மிகாமல். நீள மேசையில் ஆளுக்கு அக்கம்பக்கத்து இருவரோடு மட்டும்தான் பேச முடியும். பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், முகம் இருட்டாகி உதடு தெரியாது. 'எனக்கு மைக் தேவையில்லை, குரல் கணீர்னு இருக்கும்' என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். அவர் கையில் மைக்கைத் திணித்துவிடுங்கள். கேட்பவர்களுக்காகத்தான் மைக்.

#5 கதவுஅகலம்

கேட்க விட்டவை: கதவின் தெளிவான அகலம் 80 செ.மீ.க்குக் குறைந்தால் சக்கர நாற்காலி நுழையாது. சாய்தளம் 1க்கு 12. அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். 'சின்னப் படிதானே, தூக்கிவிடலாம்' என்பது தூக்கப்படுபவர் சொல்ல வேண்டிய வார்த்தை, மற்றவர்கள் சொல்லக்கூடாது. கைப்பிடி வைத்த நாற்காலி பாதியாவது இருக்கட்டும், மூட்டு வலிக்காரர்களுக்கு எழுந்திருக்கக் கை ஊன்ற இடம் வேண்டும். கழிப்பறை அதே தளத்தில். சத்தமில்லாத சிறிய அறை ஒன்று, படுக்க வசதியோடு.

வெளிச்சத்தையும் பாருங்கள். இருபது வயதில் விழித்திரைக்குப் போன ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. மெழுகுவர்த்தி மாதிரி மங்கல் அலங்காரம் போட்டால் பழைய படங்களை யாராலும் பார்க்க முடியாது. இரவில் வண்டி ஓட்டத் தயங்குபவர்களும் இதே காரணத்தால்தான் தயங்குகிறார்கள். காலை பத்துக்கு ஆரம்பித்து மூன்றுக்கு முடித்துவிடுங்கள்.

#6 சுண்ணாம்புத்தூள்

பேர் அட்டை தேவையா சார்? நாப்பது வருஷம் பழக்கம், ஒருத்தருக்கொருத்தர் தெரியாதா?

#7 பழையஏடு

தேவை. 1975இல் அமெரிக்காவில் உளவியலாளர் ஹாரி பாரிக் குழு வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேரான விடை. பள்ளி முடித்துச் சில வாரங்களே ஆனவர்களிலிருந்து ஏறத்தாழ 50 ஆண்டு ஆனவர்கள் வரை 392 பேரைச் சோதித்தார்கள். வகுப்புத் தோழர்களின் முகத்தை அடையாளம் காண்பது 30 ஆண்டுக்கு மேலும் 90 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. எந்த உதவியும் இல்லாமல் பெயரைத் தானாக நினைவுகூரச் சொன்னபோது மட்டும் வெகுவாகக் குறைந்தது.

கவனிக்க வேண்டியது, அவர்கள் காட்டியவை ஆண்டு மலரில் வந்த பழைய படங்கள். நம் மூளையில் இருப்பதும் அந்த இளம் முகம்தான். எதிரில் நிற்பதோ அறுபது வயது முகம். ஆகவே அட்டையில் மாணவர்காலப் படத்தை அச்சிட வேண்டும். இப்போதைய படம் வீண், ஆளே எதிரில் நிற்கிறாரே.

பெயர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்கும்படி இருக்கட்டும். அழைக்கும் பெயர் பெரிதாக, முழுப்பெயர் கீழே சிறிதாக. கழுத்தில் தொங்கும் அட்டை திரும்பிக்கொள்ளும், எனவே இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கயிறு நீளமாக இருந்தால் அட்டை வயிற்றில் கிடக்கும், படிக்கக் குனிய வேண்டியிருக்கும். நெஞ்சளவில் நிற்கட்டும். பட்டப்பெயரை அச்சிடும் முன் உரியவரிடம் கேட்டுவிடுங்கள். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் விரும்பிச் சிரித்தவர்கள் என்று சொல்ல முடியாது.

#8 கணக்குப்பிள்ளை

பணம். செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாதது ஒன்று: இடம், ஒலி, படம் எடுப்பது. தலைக்கு ஏறுவது இன்னொன்று: சாப்பாடு, அட்டை. மாறாச் செலவை வருவதாகச் சொன்ன எண்ணால் வகுத்தால் இடிக்கும். 28 பேர் வருகிறோம் என்றால் 22ஆல் வகுங்கள். மிஞ்சினால் அடுத்த முறைக்கு இருக்கட்டும். துண்டு விழுந்தால் ஒருவர் பெருந்தன்மையாகத் தந்துவிடுவார், அன்றிலிருந்து அது அவருடைய விழாவாகிவிடும்.

இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கணக்கு வையுங்கள். முடிந்த பத்து நாளுக்குள் வரவுசெலவு குழுவில் வரட்டும். யார் எவ்வளவு தந்தார் என்ற பட்டியல் வரக்கூடாது. தர முடியாதவருக்கு விலக்கு உண்டு என்பதை அறிவிப்பிலேயே எழுதி, தொடர்புக்கு ஒரே ஒருவர் பெயரைப் போடுங்கள். பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு 'உடம்பு சரியில்லை' என்று ஒதுங்குபவர்கள் எல்லா பேட்சிலும் உண்டு.

#9 சுண்ணாம்புத்தூள்

குடும்பத்தோட வரலாமா கூடாதா, அதையும் சொல்லிடுங்க. எங்க போனாலும் இதுலதான் சண்டை.

#10 கணக்குப்பிள்ளை

துணை வரட்டும். இந்த வயதில் பலரால் தனியாகப் பயணம் செய்ய முடியாது. தடுத்தால் அவரும் வரமாட்டார்.

#11 மைக்டெஸ்டிங்

எனக்கு உடன்பாடில்லை. துணைவர்கள் கூட இருந்தால் பழைய பேச்சு பாதியில் நிற்கும். ஒவ்வொரு கதைக்கும் முன்கதை சொல்ல வேண்டும். வந்தவர்களும் பாவம், ஐந்து மணி நேரம் தெரியாதவர்களைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

#12 நாள்காட்டி

இரண்டையும் செய்யலாம். முற்பகல் பேட்ச் மட்டும், மதிய உணவிலிருந்து எல்லோரும். துணைவர்களுக்கு முற்பகலில் பக்கத்து அறை. உதவியாளர் இல்லாமல் இயலாதவர்களின் துணை மட்டும் முழு நேரமும் உள்ளே. துணையை இழந்தவர்கள், தனித்து வாழ்பவர்கள் மனதில் இருக்கட்டும்: 'தம்பதியாக மேடைக்கு வாருங்கள்' வகை நிகழ்ச்சி எதுவும் வேண்டாம்.

#13 நெகட்டிவ்

படங்கள் பற்றி யாரும் பேசவில்லையே. ஒன்றுகூடலுக்கு ஆறு மாதம் முன்பே சேகரிக்கத் தொடங்குங்கள்.

4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வருடினால், அதாவது ஸ்கேன் செய்தால், 2400க்கு 3600 புள்ளி கிடைக்கும், பெரிதாக அச்சிடவும் போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. நெகட்டிவ் கையில் இருந்தால் அதையே 3000 டிபிஐக்கு மேல் வருடுங்கள், அச்சை விட விவரம் கூடுதலாக இருக்கும். வருடி இல்லாதவர்கள் கைபேசியில் எடுக்கலாம்: ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம், ஃபிளாஷ் அணைத்து, படத்துக்கு நேர் மேலே கைபேசி. சாய்த்துப் பிடித்தால் கடைசி வரிசைத் தலைகள் சுருங்கிவிடும்.

பசைத் தாளும் நெகிழித் திரையும் உள்ள பழைய ஆல்பம்தான் பெரிய எதிரி. அந்தப் பசை காலப்போக்கில் படத்தோடு இறுகிவிடும். நகத்தால் பிய்க்கக்கூடாது, படத்தின் மேலடுக்கு கிழிந்து தாளோடு போய்விடும். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் போல மெல்ல அசைத்துக்கொண்டே வாருங்கள். அசையவில்லையென்றால் விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே வருடுங்கள்.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சில், அதுவும் ஓரத்தில். குழுப் படத்துக்கு மேலே ஒளி ஊடுருவும் தாளை வைத்துத் தலைகளின் கோட்டுருவம் வரைந்து எண் போடுங்கள். எண்ணுக்கு நேரே பெயர். 'இடமிருந்து இரண்டாவது' என்று எழுதினால் உட்கார்ந்த வரிசையா நின்ற வரிசையா என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அசல் அப்படியே வரும்.

#14 வருகைப்பதிவு

நெகட்டிவ் சொன்ன படங்களை எங்கே வைப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமாக ஒருவர் தன் கூகுள் கணக்கில் கோப்புறை திறந்து எல்லோருக்கும் இணைப்புத் தருவார். கோப்புகள் அவருடைய கணக்கில் இருக்கும். இலவச இடம் 15 ஜிபி, அது நிரம்பினால் அவருக்கு மின்னஞ்சல்கூட வராது. இரண்டு ஆண்டு எவரும் உள்நுழையாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டால் கணக்கு சும்மா கிடக்கும், பிறகு மொத்த பேட்சின் படங்களும் அதோடு போகும். நம் வயதில் இது கற்பனைக் கணக்கு அல்ல.

எனவே மூன்று நகல்: ஒன்று இணையத்தில், இரண்டு வெவ்வேறு ஊர்களில் இருவரிடம் வன்தட்டில். வன்தட்டை ஆண்டுக்கு ஒருமுறை இணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். இணையக் கணக்கை வைத்திருப்பவர் கூகுளின் 'செயலற்ற கணக்கு மேலாளர்' (Inactive Account Manager) அமைப்பில் பேட்ச் நண்பர் ஒருவரைக் குறிப்பிட்டு வைக்கலாம். குறித்த மாதங்கள் அசைவில்லையென்றால், நீங்கள் அனுமதித்த தரவை அவர் இறக்கிக்கொள்ள வழி கிடைக்கும்.

விரிதாளுக்கும் இதே விதி. குழுவுக்கு அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும்.

#15 பழையஏடு

நினைவுகளைத் திரட்டுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், பலரும் தலைகீழாகச் செய்வது இது. எல்லோரையும் ஒரு வட்டத்தில் உட்காரவைத்து 'சொல்லுங்கப்பா' என்றால் குறைவாகத்தான் வரும். ஒரு குழு சேர்ந்து நினைவுகூருவது, அதே ஆட்கள் தனித்தனியே சொன்னதைக் கூட்டினால் வருவதை விடக் குறைவு என்று சோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஒருவர் சொல்லும் வரிசை மற்றவர் மனதில் ஓடும் வரிசையைக் கலைத்துவிடுகிறது. போதாததற்கு, உறுதியான குரலில் ஒருவர் தவறாகச் சொன்ன விவரம் அடுத்தவர்களின் நினைவாகவே மாறிவிடும்.

அதனால் ஒரு மாதம் முன்பே ஆளுக்குத் தனியாக ஐந்து கேள்வி அனுப்புங்கள். 'மறக்க முடியாத அனுபவம்' என்று கேட்டால் எல்லோரும் ஒரே சுற்றுலாவைத்தான் எழுதுவார்கள். பொருளைப் பிடித்துக் கேளுங்கள்: வகுப்பறையில் எந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யார், ஆய்வகத்தில் என்ன வாசனை, மழைநாளில் எந்த வழி நடப்பீர்கள், தேர்வுக்கு முந்தின இரவு யாருடைய குறிப்பேடு சுற்றி வரும். பதில்களைத் தொகுத்து அன்று வாசியுங்கள், கூட்டம் அதன்மேல் பேசட்டும். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் தீர்ப்பு சொல்லாமல் இரண்டையும் எழுதி வையுங்கள்.

#16 கடைசிபெஞ்ச்

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி கேட்கத் தயக்கமாக இருந்தது, கேட்டுவிடுகிறேன். தோழர் ஒருவருக்கு மறதி நோய் தொடக்க நிலையில் இருக்கிறது. வீட்டில் அழைத்துவரத் தயார். எப்படி நடந்துகொள்வது?

#17 பகல்பணி

'என்னைத் தெரியுதா?' என்று யாரும் கேட்கக்கூடாது. எல்லோருக்கும் முன்பே சொல்லிவையுங்கள். அது அவருக்குத் தேர்வு மாதிரி ஆகிவிடும். நேரே போய் 'நான் இன்னார், ஆய்வகத்துல உன் மேசை' என்று பெயரையும் உறவையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள். முன்பக்கமிருந்து வாருங்கள், ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

பத்திலிருந்து முப்பது வயது வரையிலான நினைவுகள் பொதுவாகவே அடர்த்தியாகப் பதிந்திருக்கும். சமீபத்தியது நழுவினாலும் அந்தக் காலம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆகவே பேரன் பேத்தி, வேலை என்று கேட்காமல் பழைய படத்தைக் கையில் கொடுங்கள். கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரும் படத்தைப் பார்த்துத் தானாகப் பேசுவதுண்டு. தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். அதையே திரும்பச் சொன்னால் முதல்முறை கேட்பது போலக் கேளுங்கள்.

மதிய உணவுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரம் அவருக்கு நல்லது. மாலையில் பலருக்குப் பதற்றம் கூடும். அந்தச் சிறிய அறையை அவருக்கென்று வைத்து, அங்கே இரண்டிரண்டு பேராகப் போங்கள். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போடும் யோசனையைக் கைவிடுங்கள். கிளம்ப வேண்டும் என்று வீட்டார் சொன்ன நொடியில் விட்டுவிடுங்கள்.

#18 நாள்காட்டி

வர முடியாதவர்களுக்கு. கூடத்தில் ஒரு மடிக்கணினியைத் திறந்து ஓரத்தில் வைத்தால் அது இணையவழிச் சந்திப்பு ஆகாது, அவர்களுக்கு இரைச்சலும் முதுகுகளும்தான் தெரியும். அவர்களுக்கென்று ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி, கூடத்தில் ஒருவர் அதற்கு மட்டுமே பொறுப்பாக உட்கார வேண்டும். மைக் ஒலி நேராகக் கணினிக்குப் போகட்டும். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும், அதற்கேற்ப வகுத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். நேரத்தை வாயால் சொல்லாமல் நாள்காட்டி அழைப்பாக அனுப்பினால் அவரவர் நேரத்தில் தானாகக் காட்டும்.

#19 சுண்ணாம்புத்தூள்

ஒரு எச்சரிக்கையும் போட்டுடுங்க. ஒன்றுகூடல் நேரத்துலதான் 'அவசரமா பணம் வேணும்'னு நண்பர் பேர்ல செய்தி வரும். அவர் கணக்கைத் திருடினவன் அனுப்புறது. ஆறு இலக்க எண் வந்திருக்கு, அனுப்புன்னு கேட்டா யாருக்கும் கொடுக்கக்கூடாது. எல்லாரும் வாட்ஸ்அப்ல இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டுக்கணும். பணம் கேட்டா குரல்ல கூப்பிட்டுப் பேசிட்டுத்தான் அனுப்பணும். பிறந்த தேதி, முகவரி உள்ள பட்டியலை குழுவுல கோப்பா போடாதீங்க.

#20 வருகைப்பதிவு

கடைசிபெஞ்ச், முடிந்த பின் செய்ய வேண்டியதையும் இப்போதே ஆள் போட்டு வையுங்கள்.

குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அறிவிப்புக்கு, அட்மின் மட்டும் எழுதலாம், மாதம் இரண்டு செய்திக்கு மேல் கிடையாது. இன்னொன்று அரட்டைக்கு, விரும்பியவர் மட்டும். காலை வணக்கமும் அரசியல் பகிர்வும் தாங்காமல் வெளியேறுபவர்கள், தகவலையும் சேர்த்து இழக்கிறார்கள். ஒருவர் குழுவை விட்டு விலகினார் என்று காட்டினால் கோபம் என்று முடிவு கட்ட வேண்டாம். 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிவிடும். மருத்துவமனையில் இருக்கலாம், கைபேசி தொலைந்திருக்கலாம். விலகியவர் எந்த ஏற்பாட்டாளரின் எட்டுப் பேரில் வருகிறாரோ, அந்த ஏற்பாட்டாளர் அன்றே வீட்டு எண்ணுக்கு அழைக்கட்டும்.

மரணச் செய்தியை வீட்டார் ஒருவர் வாயால் உறுதி செய்யாமல் குழுவில் போடக்கூடாது. தவறான செய்தி ஒன்று போதும். உறுதியானதும் அறிவிப்புக் குழுவில் ஒரே செய்தி: பெயர், மாணவர்காலப் படம், வீட்டாரை எப்போது அழைக்கலாம். இரங்கல்கள் அரட்டைக் குழுவில் வரட்டும். அவருடைய எண்ணை உடனே நீக்காதீர்கள், வீட்டில் யாராவது அந்தக் கைபேசியில் அவற்றைப் படித்துக்கொண்டிருப்பார்கள். எப்போது நீக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட வாரத்தில், எட்டுப் பேரும் தங்கள் எட்டுப் பேரை அழைத்து விரிதாளில் தேதியைப் புதுப்பிக்கட்டும். ஏற்பாட்டாளர் யாருக்காவது முடியாமல் போனால் அவருடைய எட்டுப் பெயரையும் அந்த வாரமே இன்னொருவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

#21 கடைசிபெஞ்ச்

மண்டபத்துக்கு முன்பணம் கட்டக் கிளம்பியவர்களை நிறுத்தியாயிற்று. பழைய வருகைப்பதிவேட்டின் நகல் துறை அலுவலகத்தில் கிடைக்குமா என்று நாளை கேட்கிறேன். இல்லையென்றால் தேர்வு முடிவுப் பட்டியல் போதுமா?

#22 வருகைப்பதிவு

போதாது. அதில் தேறியவர்கள் பெயர்தான் இருக்கும். இடையில் நின்றவர்கள், வேறு துறைக்கு மாறியவர்கள் விட்டுப்போவார்கள். முதலாண்டுச் சேர்க்கைப் பட்டியலைக் கேளுங்கள்.